கையை எடுக்க முடியாத பிற்பகல்

அக்கா நர்சிங் முடித்ததும் சேர்ந்தது கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி. தொழிற்பேட்டையில் மெஷினில் கை நசுங்கியவர்கள், உலைக்களத்தில் சுட்டுக்கொண்டவர்கள், லாரியில் அடிபட்டவர்கள் எல்லோரும் முதலில் வந்து இறங்குவது அங்கேதான். அவளோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். அவளுக்கும் அழைப்பு வந்தது. அம்மாவை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அம்மா இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தாள். பல வருஷம் அந்தத் தூசியைச் சுவாசித்து நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. மழைக்காலம் வந்தால் இரைப்பு ஆரம்பித்துவிடும். அக்கா டூட்டி முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு அம்மாவின் முதுகில் காதை வைத்துக் கேட்பாள். பிறகுதான் முகம் கழுவப் போவாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு காலத்தில் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர், அப்போது ஒரு குடோனில் வாட்ச்மேன். "ஊட்லயே ஒரு டாக்டரம்மா வச்சிகினு கீறோம்" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார்.

அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் நர்சுகள் வரிசையாக வேலையை விட்டார்கள். சிலர் வெளிநாடு போனார்கள். சிலருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலை கிடைத்தது. போனவர்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. ஒரு மாடிக்கு இரண்டு பேர் இருந்த இடத்தில் ஒருத்தி. ஒருத்தி லீவு போட்டால் மேல்மாடிக்காரி கீழ்மாடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அக்கா போய்க் கேட்கும்போதெல்லாம் மேனேஜர், "இன்னிக்கு ஒருநாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சிஸ்டர்" என்பார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆள் தேடிக்கொண்டுதான் இருந்தார். கிடைக்கிற சம்பளத்துக்கு யாரும் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒருநாள் மாதக்கணக்கில் நீண்டது. அக்கா வீட்டில் சாப்பிடும்போதே தூங்கி விழ ஆரம்பித்தாள்.

ஐப்பசி மழையில் அம்மாவுக்கு நிமோனியா வந்தது. அக்கா வேலை பார்க்கும் இடம் என்பதால் வேறு எங்கும் யோசிக்காமல் அங்கேயே சேர்த்தோம். மேல்மாடியில் பெண்கள் வார்டு. அக்காவைக் கீழே விபத்துப் பிரிவில் போட்டிருந்தார்கள். மறுநாள் காலையிலேயே அவள் மேனேஜரிடம் போய், அம்மா தேறி வரும்வரை தன்னை மேல்மாடிக்கு மாற்றித் தரும்படி கேட்டாள். கீழே வேறு ஆள் இல்லை என்பதே பதில். இடையிடையே ஓடி வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாள். வரும்போதெல்லாம் சளியை எடுத்துவிட்டு, நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகில் தட்டிக்கொடுப்பாள். அம்மா தேறிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் காலை இட்லி கேட்டாள். நான் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன்.

இட்லி கேட்ட அன்று மதியம் எங்கள் வார்டு நர்சை ஒரு நோயாளியோடு ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் துணைக்குப் போக நர்ஸ் ஒருத்தி கட்டாயம் வேண்டும். திரும்பி வரும்வரை மேல்மாடியில் யாரும் இல்லை. கூட்டித் துடைக்கும் அம்மாள் மட்டும் வாளியோடு நடமாடிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா இருமினாள். சளி வெளியே வரவில்லை, தொண்டையை அடைத்துக்கொண்டது. கண்கள் பெரிதாயின. நான் கட்டிலுக்கு மேலே இருந்த பெல்லை அழுத்தினேன். வார்டின் கோடியில் அது அடித்துக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. நர்ஸ் மேஜை காலி. பக்கத்துப் படுக்கைப் பாட்டியின் மருமகளிடம் அம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படியில் இறங்கி ஓடினேன்.

விபத்துப் பிரிவின் கதவைத் தள்ளினேன். அக்கா ஒரு மேஜை மேல் முழு பாரத்தையும் கொடுத்துக் குனிந்திருந்தாள். மேஜையில் ஒரு வடநாட்டுத் தொழிலாளி. இரும்புத் தகடு தொடையைக் கிழித்திருந்தது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அந்த இடத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் ரத்தம். டூட்டி டாக்டர் ஒருவர் மட்டும் கூட இருந்தார், ஊசி ஏற்ற அவன் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்கு மூச்சு வரல" என்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். கைகள் அசையவில்லை.

"கையை எட்த்தா இவன் பூடுவான்" என்றாள். "நீ மேல போ. அம்மாவ ஒருக்களிச்சுப் படுக்க வை. முதுகுல தட்டினே இரு. வந்துர்றேன்."

டாக்டர் தலையைத் தூக்காமலே யாரையாவது மேலே அனுப்பும்படி போனில் கத்தினார். அனுப்ப ஆள் இல்லை. நான் திரும்பி ஓடினேன். ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். தட்டினேன். சளி உறிஞ்சும் மெஷின் சுவரோரம் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை எப்படிப் போடுவது என்று அந்த வார்டில் இருந்த எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிடி இறுகியது, பிறகு தளர்ந்தது.

வெளியிலிருந்து சர்ஜன் வந்து சேர்ந்த பிறகுதான் அக்காவால் கையை எடுக்க முடிந்தது. கையைக் கழுவாமலே ஓடி வந்தாள். வந்ததும் அம்மாவின் நெஞ்சை அழுத்தினாள். நிறுத்தச் சொல்லி டாக்டர் வந்து தோளைத் தொடும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள். அம்மாவின் நைட்டியில் அந்தத் தொழிலாளியின் ரத்தம் படிந்திருந்தது.

அடக்கத்துக்கு மேனேஜர் வந்திருந்தார். காப்பாற்ற முடியாத கேஸ் என்று நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நைனா தலையாட்டினார். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் எல்லாவற்றையும் விசாரித்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"நீ கீழதான இருந்த?"

"ஆமா நைனா."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்றோடு அவளிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டார். அவள் சமைத்ததைச் சாப்பிடுவார். அவள் வாங்கி வந்த மாத்திரையைப் போட்டுக்கொள்வார். எதுவானாலும் என் மூலமாகத்தான். "அவள சாப்புட சொல்லு" என்பார், அவள் ஓரடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போது. அந்தத் தொழிலாளி பிழைத்துக்கொண்டான் என்று அக்கம்பக்கத்தார் அவரிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவனை அவன் அண்ணன் வந்து ரயிலில் ஊருக்குக் கூட்டிப்போய்விட்டதாகக் கேள்வி. பிறகு நடந்தானா, வேலைக்குப் போனானா, அக்காவுக்கும் தெரியாது. நைனாவுக்கு அது ஒரு சமாதானமாகவே படவில்லை.

நான் சமூகப்பணிப் படிப்பை முடித்தபோது எங்கள் பேராசிரியை ஓர் ஆய்வு தொடங்கினார். திருவள்ளூர் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் ஆள் பற்றாக்குறை எப்படி இருக்கிறது, அதனால் நோயாளிகளுக்குக் கிடைக்க வேண்டியதில் எது கிடைக்காமல் போகிறது என்பதுதான் விஷயம். நான் கேட்டுச் சேர்ந்துகொண்டேன். திருநின்றவூர், வேப்பம்பட்டு என்று ரயிலில் போய் இறங்கி, டூட்டி முடிந்து வரும் நர்சுகளைப் பிடித்துப் பேசுவோம். எல்லோரும் கொட்டாவிக்கு நடுவில் பதில் சொன்னார்கள். அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் முறையும் வந்தது. சொந்தக்காரர்களிடம் நான் கேட்கக்கூடாது என்பதால் பேராசிரியையே வந்தார். என்னை வெளியே இருக்கச் சொன்னார். அக்காதான், "அவளும் இருக்கட்டும் மேடம், அவளுக்கு நான் இன்னும் சொல்லல" என்றாள்.

செய்ய வேண்டியதைச் செய்ய முடியாமல் போனது உண்டா என்று பேராசிரியை கேட்டார்.

அக்கா சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தாள். திருப்பிப் படுக்கவைக்காமல் முதுகு புண்ணான ஒரு பெரியவர். தண்ணீர் கேட்ட ஒரு பெண், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா மறந்தே போனாள். பயமாக இருக்கிறது, கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்று கேட்டவர்கள். யாருடைய முகமும் அவளுக்கு மறக்கவில்லை.

"அப்புறம் எங்கம்மா" என்றாள். "அன்னிக்கு எனக்கு ரெண்டு பக்கமும் தெரிஞ்சிது மேடம். மேல இன்னா நடக்குதுன்னு தெரியும். எப்படி சரி பண்ணணும்னும் தெரியும். இன்னும் ஒரே ஒரு ஆளு இருந்திருந்தா போதும். நான் கெட்டிக்காரியா இருந்தும் ஒண்ணும் ஆவல."

பேராசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டார். அக்கா அழவில்லை. அம்மா போனதிலிருந்தே அவள் அழுது நான் பார்த்ததில்லை.

ஆய்வு முடிந்தது. மாவட்டத்தில் ஒரு கூட்டம் போட்டு முடிவுகளைப் படித்தோம். வந்திருந்த நிர்வாகிகள் கவனமாகத்தான் கேட்டார்கள். டீ குடிக்கும்போது ஒருவர் வந்து, எல்லாம் உண்மைதான், ஆனால் ஆள் கிடைப்பதில்லையே அம்மா என்றார். அக்காவின் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சிலரை எடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் அவர்களிலும் பாதிப்பேர் போய்விட்டார்கள். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அக்கா பேராசிரியையிடம் சொன்னதை ஒரு நாள் நான் நைனாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போன கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் நானும் நைனாவும் முன்னாலேயே போய் அம்மாவின் கல்லறையில் புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்து பூப்போட்டோம். அக்கா டூட்டி உடுப்போடு நேராக அங்கே வந்தாள். மெழுகுவர்த்தியை ஏற்றக் குனிந்தாள். காற்று விடவில்லை. தீக்குச்சிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நைனா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் திரிக்கு மறைப்பாகப் பிடித்தார்.

"இப்போ கொளுத்தும்மா" என்றார்.

அக்கா குச்சியைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அக்கம்பக்கத்துக் கல்லறைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டு அழுதாள். நைனாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏற்றாத மெழுகுவர்த்தியைச் சுற்றிக் கைகளைப் பிடித்தபடியே இருந்தார். நான் தீப்பெட்டியை எடுத்தேன்.