சிவப்பு விழாத காட்டுக்கோழி

என் பிள்ளைகளே,

உங்கள் பெரியப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு வருகிற எல்லோர் கையிலும் இந்த நினைவு மலர் கொடுக்கப்படும். மற்றவர்கள் முதற் பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டுச் சாமியறையில் வைத்துவிடுவார்கள். நீங்கள் எழுத்துக்கூட்டப் பழகியதும் நான் எழுதியதைக் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறொரு பிழையும் உண்டு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அண்ணா வடமராட்சியில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பதினான்கு வயது. இங்கிலீசில் வகுப்பிலேயே முதலாவதாக நின்றவர், அடுத்த கிழமை புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார். வன்னியில் குளத்துக்குக் கீழே காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, முதலில் வந்தவர்களோடு வந்து காடு வெட்டினார். பிறகு என்னையும் கூப்பிட்டுப் பக்கத்துக் காணிக்கு விண்ணப்பம் எழுதித் தந்தார். கிணறு வெட்டும் வரைக்கும் குளத்துத் தண்ணீரைச் சீலையால் வடித்துக் குடித்தோம். எனக்கு மலேரியா வந்தபோது, மாட்டு வண்டியில் என்னைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரி வரை பக்கத்தில் நடந்தே வந்தார்.

குடியேற்றத்தில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் அண்ணாவிடம்தான் வருவார்கள். அதற்கு அவர் ஒன்று மட்டும் கேட்பார்: பதில் வரும்போது உறையில் இருக்கிற முத்திரை. மலாயாவில் இருந்த மாமாவின் கடிதங்களில் புலி வரும். எங்கள் தேசத்து முத்திரைகளில் யானை வரும், மயில் வரும். ஒரே முத்திரையில் பத்து வைத்திருப்பார். ஒன்றில் நிறம் கடுமை, ஒன்றில் ஓரத்துப் பற்கள் நெருக்கம், ஒன்றில் படம் ஒரு மயிரளவு விலகியிருக்கும். கண்ணாடி பிடித்துப் பார்த்து, ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் குறிப்பார்.

"யானை வயலுக்கை வந்தால் தகரம் அடிச்சுக் கலைக்கிறியள். முத்திரையிலை வந்தால் சோறு போடாத குறையாய்ப் பாக்கிறியள்" என்று அண்ணி சொல்வா.

"முத்திரையிலை வாறது நெல்லுத் தின்னாதப்பா" என்பார் அண்ணா.

காட்டுக்கோழி போட்ட அறுபது சத முத்திரை வந்த காலத்தில், ஒருநாள் போஸ்ற் மாஸ்ரர் தாளிலிருந்து கிழிக்கப் போக, அண்ணா "கிழியாதேங்கோ" என்று கையைப் பிடித்துவிட்டாராம். ஒட்டியபடி இரண்டை வாங்கிக்கொண்டு வந்து எனக்குக் காட்டினார். இடது பக்கத்துக் கோழிக்குச் சிவப்புக் கொண்டை. வலது பக்கத்தில் சிவப்பே இல்லை. சோகை பிடித்த கோழிபோல வெளிறிக் கிடந்தது.

"பழுதோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓம். ஒவ்வொரு நிறமும் தனித்தனியாய் விழவேணும். இதிலை சிவப்பு விழேல்லை" என்று சொல்லிச் சிரித்தார். நான் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன். ஏன் சிரிக்கிறார் என்று கேட்கவில்லை.

அடுத்த மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. அந்தக் கிழமைதான் காணிக் கந்தோரிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. நான் காணியில் குடியில்லை என்று யாரோ பெட்டிசம் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் கொட்டில் பூட்டியபடி இருந்தது உண்மைதான். குறித்த நாளுக்குள் பதில் கிடைக்காவிட்டால் பெர்மிற் ரத்து. வெள்ளத்தால் அந்தக் கடிதம் பிந்தி வந்ததில், மிச்சம் இரண்டு நாள்தான் இருந்தது. உங்கள் அம்மாவின் வயிற்றில் மூத்தவன் இருந்தான்.

அண்ணா விடிய எழும்பிப் பதில் எழுதி, ஆஸ்பத்திரித் துண்டையும் சேர்த்து உறையில் வைத்தார். "இண்டைக்கே பதிவுத் தபாலிலை போடு. மறந்திடாதை" என்று சொல்லிவிட்டு, மண்மூட்டை போடக் குளக்கட்டுக்கு ஓடினார்.

தபாற்கந்தோரில் போஸ்ற் மாஸ்ரர் உறையை நிறுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அறுபது சதத்துக்கு ஒட்டவேணும், தம்பி. என்னட்டை முத்திரை இல்லை. றோட்டு மூடி ஒரு கிழமையாய் ஒண்டும் வரேல்லை. அஞ்சு சதத்திலை நாலு கிடக்கு."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"உம்மடை அண்ணரிட்டை ஒரு தபாற்கந்தோரே இருக்குதே. அங்கை போய்க் கேளும்."

நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பகிடி இல்லை. ரெண்டு மணிக்குப் பை கட்டிப்போடுவன். மல்லாவி பஸ் இண்டைக்குப் போகும். பாலத்துக்கு மேலை தண்ணி வந்தால் நாளைக்குப் போகாது."

நான் சேற்றில் விழுந்தெழும்பி அண்ணா வீட்டுக்கு ஓடினேன். அண்ணி குசினிக்குள் நின்றா.

"அண்ணி, அண்ணையின்ரை முத்திரைப் புத்தகம் வேணும்."

"ஐயோ, அதை நான் தொட்டாலே பேச்சு விழும்."

"காணி போகப்போகுது அண்ணி."

அவா அலுமாரித் திறப்பைத் தந்தா. புத்தகத்தில் இருந்தவை எல்லாம் தபாற் குத்து விழுந்த பழைய முத்திரைகள். ஒட்டக்கூடியது அந்தக் காட்டுக்கோழிச் சோடி ஒன்றுதான். ஒன்று எடுத்தாலும் ஒன்று மிஞ்சும் என்று நினைத்தேன். எதை எடுப்பது என்று யோசித்தேன். அந்த அவசரத்திலும் அண்ணாவுக்கு நட்டம் வரக்கூடாது என்று, சிவப்பு உள்ள நல்லதை விட்டுவிட்டுப் பழுதானதை எடுத்தேன். பல் உடையாமல் மடித்து மடித்துக் கவனமாகக் கிழித்தேன்.

திரும்பி வந்தபோது பஸ்ஸின் ஹோர்ன் தூரத்தில் கேட்டது. நாக்கில் நனைத்து ஒட்டி உறையை நீட்டினேன். போஸ்ற் மாஸ்ரர் குத்தைக் கையில் தூக்கியவர், அப்படியே நிறுத்தினார்.

"இது அந்தச் சோடியிலை ஒண்டெல்லே. அண்ணருக்குத் தெரியுமோ?"

"ஓம்" என்று பொய் சொன்னேன்.

அந்த நேரம் அண்ணா வாசலில் வந்து நின்றார். இடுப்புவரை சேறு. பை போகமுன் கடிதம் போய்ச் சேர்ந்ததோ என்று பார்க்கக் குளக்கட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறார்.

"போட்டிட்டியோ?"

போஸ்ற் மாஸ்ரர் உறையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். அண்ணா முத்திரையைப் பார்த்தார். அதன் இடது ஓரத்துப் பற்களைக் குனிந்து பார்த்தார். சேற்றுக் கையால் தொடவில்லை.

"மற்றது?"

"வீட்டிலை பத்திரமாய் இருக்குது அண்ணை. நல்லதை உங்களுக்கு விட்டிட்டுப் பழுதைத்தான் எடுத்தனான்."

போஸ்ற் மாஸ்ரர் மெதுவாகச் சொன்னார்: "இன்னும் குத்தேல்லை. ஈரம் காயமுன்னம் கழட்டலாம். ஆனால் கடிதம் நிண்டிடும்."

பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் பை எங்கே என்று கத்தினார். அண்ணா சேற்றுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"குத்துங்கோ" என்றார்.

குத்து விழுந்தது. பை கட்டுப்பட்டது. பஸ் போனது. மறுநாள் பாலம் மூடியது.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் ஒன்றுதான் சொன்னார்: "நல்லதை எனக்கு விட்டனீ, என்ன?" நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். காணி நின்றது. நீங்கள் எல்லோரும் அந்தக் காணியில்தான் பிறந்தீர்கள்.

கடைசியில் நெஞ்சு வருத்தத்தில் அண்ணா வவுனியா ஆஸ்பத்திரியில் ஆறு நாள் படுத்திருந்தார். வயலில் தண்ணீர் கட்டியாயிற்றா என்று கேட்டார், உங்களைக் கேட்டார். இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்ததும் அண்ணி அந்த முத்திரைப் புத்தகத்தை என்னிடம் தந்தா. தனியாய் நின்ற சிவப்புக் கொண்டைக் கோழிக்குப் பக்கத்தில் ஒரு முத்திரையளவு இடம் வெறுமையாக இருந்தது. அதற்குப் பின்னால் கொழும்பில் முத்திரை சேர்க்கும் ஒரு கூட்டத்தார் எழுதிய இரண்டு கடிதங்கள் இருந்தன. இங்கிலீசில் இருந்ததைப் பள்ளிக்கூட வாத்தியார் வாசித்து விளங்கப்படுத்தினார். முதற் கடிதம்: அச்சில் நிறம் தவறிய முத்திரை மிக அருமையானது, ஆனால் நிறம் இல்லாததைத் தனியே நம்ப மாட்டோம், வெயிலில் வைத்தும் மருந்து போட்டும் சிவப்பை எடுக்கலாம், நல்ல முத்திரையோடு ஒட்டியபடி இருந்தால்தான் அச்சில் வந்தது என்று ஒப்புக்கொள்வோம், அனுப்புங்கள். இரண்டாவது: அனுப்புவதாகச் சொல்லி ஒரு வருடமாயிற்று, அப்படியொரு சோடி இருந்ததாக நாங்கள் நம்பவில்லை, இனி எழுத வேண்டாம்.

அண்ணா யாரிடமும் பொய் சொன்னதில்லை. பொய்க்காரன் என்று எழுதிய கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அறுவடைக்கும் என் வயலுக்கு வந்து நின்றார்.

அண்ணாவைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், வண்டி கட்டித் தந்தவர்களுக்கும், வேறு கோயில் கும்பிடுகிறவர்களாயிருந்தும் நாயாற்றிலிருந்து வந்து பந்தல் போட்ட நண்பர்களுக்கும், போஸ்ற் மாஸ்ரருக்கும், வாத்தியாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டது. என் அண்ணிக்கு நான் நன்றி சொல்வது எப்படியென்று தெரியவில்லை. மிஞ்சிய முத்திரையைக் கொழும்புக்கு அனுப்பட்டோ என்று கேட்டபோது, "அனுப்புங்கோ தம்பி. அவரைப் பொய்க்காரன் எண்டு ஒருத்தரும் நினைக்கப்படாது" என்றா.

வாத்தியார் இங்கிலீசில் எழுதித் தந்தார். சோடி இருந்தது, கிழித்தது நான், கிழிந்த ஓரத்தைப் பாருங்கள் என்று மூன்றே வரி. கீழே நான் தமிழில் கையெழுத்து வைத்தேன்.

நேற்று ஒருவருக்கும் சொல்லாமல் தனியே தபாற்கந்தோருக்குப் போனேன். அறுபது சதக் காட்டுக்கோழி இரண்டு கேட்டேன். போஸ்ற் மாஸ்ரர் இந்த உறைக்கு ஒன்று காணும் என்று சொல்லிக் கிழிக்கப் போனார்.

"கிழியாதேங்கோ" என்றேன்.

வெளி வாங்கில் குந்தியிருந்து, இரண்டையும் சேர்ந்தபடியே கொழும்புக்குப் போகிற உறையில் ஒட்டினேன்.