பெயிண்ட் காயாத ஹெலிகாப்டர்

எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டுமே! பிடிவாதம் இல்லாவிட்டால் அந்த ஹெலிகாப்டர் வெறும் பலகைத் துண்டாகவே அடுப்புக்குள் போயிருக்கும்.

குன்னூருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் அப்பா டீ மேக்கராக இருந்தார். பறித்த கொழுந்து பேக்டரிக்குள் நுழைந்து, தூளாகிப் பெட்டியில் அடைபடும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. ஒருநாள் பட்டாளத்து ஹெலிகாப்டர் ஒன்று எங்கள் குவாட்டர்ஸுக்கு மேலே தாழப் பறந்து போயிற்று. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காமார் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் அண்ணாந்து நின்று மூக்கிலிருந்து வால்வரை பார்த்தேன். பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்கு என்ன செய்வதென்ற கவலை அப்போதே தீர்ந்தது.

அண்ணன் லைப்ரரிப் புத்தகத்தில் படமும் அளவும் தேடிக் கொடுத்தான். நிஜத்தில் ஓர் அடி என்றால் என்னுடையதில் கால் அங்குலம். உடைந்த டீப்பெட்டிப் பலகையை அறுத்து உடம்பும் வாலும் செய்தேன். பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளில் விசிறி வெட்டினேன். அது வாழையிலை மாதிரி தொங்கிற்று. மூங்கில் சிம்பைச் சீவி உள்ளே வைத்து மறுபடி வெட்டினேன். கைவிரலையும் சேர்த்துத்தான்.

"இது ஹெலிகாப்டரா, வெட்டுக்கிளியா?" என்றான் அண்ணன்.

"காட்சிக்கு வந்து பாருங்ணா, அப்பத் தெரியும்" என்றேன்.

லாரி ஓட்டும் மாமா மேட்டுப்பாளையத்திலிருந்து மிச்சம் கிடந்த பச்சை பெயிண்டைச் சின்ன டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் சண்டை மூண்டது அதனால்தான். டீத்தூள் அக்கம்பக்கத்து வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அதற்குப் பயந்து அம்மா பவுடர்கூடப் பூசமாட்டாள். சட்டையில் சோப்பு வாசனை தூக்கலாக இருந்தால் அப்பா வேறு சட்டை கேட்பார். அந்த வீட்டுக்குள் பெயிண்டா?

"ஊட்டுக்குள்ள கொண்டாராத கண்ணு. அந்த நாத்தம் எம்மேல ஏறுச்சுன்னா தூள்லயும் ஏறிக்கும். அப்பறம் அத்தனையும் குப்பைக்குத்தான்" என்றார் அப்பா.

"பட்டாளத்து ஹெலிகாப்டர் பெயிண்ட் இல்லாமலா பறக்குது?"

"அது எங்க பேக்டரிக்கு வர்றதில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் குடியேறினேன். பெயிண்ட் அடித்தேன். ஆனால் அது சீசன் காலம். பனிமூட்டம் கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது, பெயிண்ட் காயவில்லை. காலையில் பார்த்தால் பச்சை வழிந்து, மேலே கொசுக்கள் ஒட்டிக்கிடந்தன. சுரண்டினேன். திரும்ப அடித்தேன். திரும்ப வழிந்தது. வெள்ளிக்கிழமை பொருட்காட்சி. வியாழன் சாயங்காலம் சுரண்டிய வேகத்தில் வால் முறிந்து கையோடு வந்துவிட்டது. கொட்டகையில் உட்கார்ந்து, ஆத்திரமும் அழுகையுமாக, கோந்தை வைத்து ஒட்டிக்கொண்டே இருந்தேன். வால் விழுந்துகொண்டே இருந்தது.

பேக்டரியிலிருந்து திரும்பிய அப்பா வாசலில் எட்டி நின்று பார்த்தார்.

"போதும், போய்ப் படு."

"முடிக்காமப் படுக்கமாட்டேன்."

அம்மாதான் வந்து குண்டுக்கட்டாகத் தூக்கிப்போனாள். போர்வைக்குள் அழுதேன். எப்போது தூங்கினேனோ தெரியாது.

காலையில் எழுந்ததும் கொட்டகைக்கு ஓடினேன். ஹெலிகாப்டர் நின்றுகொண்டிருந்தது! வால் நேராக ஒட்டியிருந்தது. பக்கத்தில் குமுட்டி அடுப்பில் கரி நீறு பூத்துக் கிடக்க, பச்சை மொறமொறவென்று காய்ந்திருந்தது. ஓரிடத்தில்கூட வழிசல் இல்லை. விசிறியை ஊதினேன், சுற்றிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எடுத்துட்டுக் கெளம்பு, நேரமாச்சு. அப்பாவுக்கு ஒடம்பு செரியில்ல, சத்தம் போடாத" என்றாள் அம்மா.

கொழுந்து குவிகிற சீசனில் அப்பா லீவு போட்டு நான் பார்த்ததே இல்லை. பேக்டரி ஆள் வந்து கூப்பிட்டபோதும் கதவைத் திறக்காமல், "காய்ச்சலுங்க, நாளைக்கு வந்தர்றேன்னு சொல்லுங்க" என்று உள்ளிருந்தே சொன்னார். குரல் என்னவோ கணீரென்றுதான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் என் ஹெலிகாப்டரை முன்மேஜையில் வைத்தார்கள். தலைமையாசிரியரே விசிறியைச் சுற்றிப் பார்த்தார். வெட்டுக்கிளி என்ற அண்ணனும் வந்து ஊதிப் பார்த்தான். அம்மா வந்தாள். கூப்பிடு தூரத்தில் வீடு. லீவில் இருந்தும் அப்பா வரவில்லை. ஒரு நடை வந்தால் என்ன குறைந்துவிடும்?

சாயங்காலம் திரும்பியபோது, காய்ச்சல்காரர் துவைகல்லில் உட்கார்ந்து சாம்பலும் எலுமிச்சங்காயும் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் ஹெலிகாப்டரோடு கிட்டே ஓடினேன். அவர் சட்டென்று எழுந்து பின்னால் நகர்ந்தார்.

"அங்கயே நின்னு காட்டு கண்ணு. கிட்ட வேண்டாம்."

அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம்!

"இனிமே உங்களுக்கு எதையுமே காட்டமாட்டேன், போங்க" என்று கத்தினேன்.

அப்பா மறுபடி உட்கார்ந்து, விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார், மறுபடி தேய்த்தார். அவர் நகக்கண்ணில் பச்சை ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். இருந்த கோபத்தில் அது எந்தப் பச்சை என்று யோசிக்காமல் நேரே சமையலறைக்கு ஓடி, "நீதாம்மா ஒட்டி வெச்ச, எனக்குத் தெரியும்" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டேன்.