பழுது பார்க்க முடியாத மீட்டர் பலகை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஆம்பூரிலிருந்து வேலூருக்கு நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வண்டியில் ஆயில் மீட்டரின் ஊசி படுத்துவிட்டது. இன்ஜினுக்குள் எண்ணெய் ஓடுகிறதா என்று ஓட்டுபவனுக்குச் சொல்ல இருந்தது அந்த ஊசி ஒன்றுதான்.

பழுது சின்னதுதான். ஆனால் அதைத் தொடுவதற்கு மீட்டர் பலகை முழுவதையும் கழற்ற வேண்டும். பின்னால் எல்லா ஒயர்களும் ஒரே கறுப்பாக, சிக்குப் பிடித்த முடி மாதிரி கிடந்தன. பலகைக்குக் கீல் வைத்து, ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு நிறம் கொடுத்துவிட்டால், எந்த மீட்டரையும் நின்ற இடத்திலேயே கழற்றி மாட்டலாம் என்று முதலாளியிடம் பலமுறை சொன்னேன். கல்யாண சீசன், வண்டி ஒரு நாள் நிற்பதற்கும் அவர் சம்மதிக்கவில்லை.

"மீட்டர பாத்தா வண்டி ஓட்ற? ரோட்ட பாத்து ஓட்டுய்யா" என்றார்.

ஒருநாள் காலை, தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்யும் ஒருவரை அவர் மனைவி கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஏற்றினாள். தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழித் தண்ணீர் அவருடைய இரண்டு கண்களிலும் தெறித்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு சீக்கிரம் போய்டுங்கண்ணா."

"தண்ணி ஊத்திக்கினே இரும்மா. எங்கயும் நிக்காம போய்ட்றேன்" என்றேன்.

புறப்படும் முன் எண்ணெய் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மாதனூர் தாண்டியதும் வண்டியின் அடியில் ஒரு கல் தட்டியது. எண்ணெய் ரோட்டில் ஒழுகிக்கொண்டே வந்தது எனக்குத் தெரியவில்லை. ஊசி வேலை செய்து, விழுந்து காட்டியிருந்தால், நிறுத்தி ஓட்டையை அடைத்திருப்பேன்; ஊற்றுவதற்கு டின்னில் எண்ணெய்கூட வைத்திருந்தேன். பள்ளிகொண்டாவுக்கு முன்னால், தீய்ந்த வாடையோடு இன்ஜின் இறுகி நின்றுவிட்டது.

அந்தப் பெண் கொண்டுவந்த தண்ணீரும் தீர்ந்தது. பாலாற்று மணலைத் தோண்டி, ஊறிய தண்ணீரில் துணியை நனைத்துக் கொண்டுவந்தோம். அவர் கத்தவில்லை. "வேலூர் வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். வெயில் ஏறிய பிறகுதான் ஒரு மாட்டுவண்டி கிடைத்தது.

அவருக்குப் பார்வை திரும்பவில்லை.

"எண்ணெ பாக்காம இன்ஜின தீச்சவன்" என்று பஸ் நிற்கும் இடத்தில் எல்லார் முன்னாலும் சொல்லி முதலாளி என்னை விரட்டினார். அந்தப் பேச்சுக்குப் பிறகு வேறு யாரும் எனக்கு வண்டி தரவில்லை. ஜோலார்பேட்டையில் ரயில் இன்ஜினுக்குக் கரி அள்ளப் போனேன்.

சில மாதம் கழித்து ஆம்பூரில் அதே பஸ்ஸைப் பார்த்தேன். புது டிரைவர் மீட்டர் பலகையை ஜன்னல் கதவு மாதிரி திறந்து காட்டினார். உள்ளே சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒயர்கள் தனித்தனியாக இருந்தன.

"நம்ம மொதலாளி இன்னாமா யோசன பண்ணி செஞ்சிருக்காரு, பாத்தியாண்ணா!" என்றார்.

நான் சொன்னது சரி என்று ஆவதற்கு ஒரு மனிதரின் இரண்டு கண்கள் போக வேண்டியிருந்தது; அதை நினைக்கும்போதெல்லாம், நான் தப்பு செய்யவில்லை என்பதுகூட எனக்கு ஆறுதலாக இருப்பதில்லை.