கைக்குட்டையில் வந்த நற்கருணை

இந்த ஊர்க் கோவிலில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. பனிச்சேறு அப்பிய பூட்ஸோடு நேராகப் பீடத்துக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். ஜெர்மனிக்கு வந்த புதிதில் என் கணவர் முருகேசன் மட்டும் வாசலிலேயே ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாக்ஸோடு அந்தக் கல்தரையில் நடந்து வருவார். இத்தனைக்கும் எங்கள் இருவரில் கத்தோலிக்கச்சி நான்தான். அவர் தேவாரம் என்கிற ஊர்க்காரர்; வருஷா வருஷம் மாலை போட்டுப் பழனிக்கு நடந்தே போகிற குடும்பம். ஒரு ஞாயிறு பின்வரிசையில் இருந்த பெண்மணி அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசை முடிந்ததும் கைப்பையைத் திறந்து, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் ஒன்றை எடுத்து நீட்டினார். புது ஷூ கடித்துவிட்டது என்று நினைத்தாராம். "காயம் இல்லை, இது சாமி இருக்கிற இடம்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர், "இருக்கிறார்தான், ஆனால் தரை குளிருமே" என்றார். அப்படித்தான் பெயாட்டே எங்களுக்கு அறிமுகமானார். அந்தக் கோவிலைச் சேர்ந்த பங்குச் சபையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். சாமியாரும் அல்ல, கன்னியாஸ்திரியும் அல்ல; பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, நோயாளிகளுக்குப் பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பத்தைக் கொண்டுபோவது எல்லாம் அவர்தான்.

ஊரில் இந்த வேலைகளில் பாதியைப் பார்த்தவர் என் அப்பா. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பா அங்கே உபதேசியார். செவ்வாய்க்கிழமையானால் எங்கள் கோவில் புனித அந்தோனியாரைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். மார்க்கையன்கோட்டை வயல்காரர்கள் உப்பும் மிளகும் கொண்டுவந்து கொட்டுவார்கள். திராட்சைத் தோட்டக்காரர்கள் முதல் வெட்டில் ஒரு கொத்தை பீடத்தில் வைப்பார்கள். கம்பத்திலிருந்து துப்பட்டி போர்த்திய முஸ்லிம் அம்மாமார் பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்று மெழுகுவர்த்தியோடு வந்து நிற்பார்கள். கூட்டத்தில் பாதிக்கு மேல் ஞானஸ்நானம் வாங்காதவர்கள்தான். அதனால் நற்கருணை கொடுக்கிற நேரம் வந்ததும் அப்பா மைக்கைப் பிடித்து, "புதுநன்மை வாங்காதவுக வரிசைக்கு வராதீக. பூசை முடியவும் அந்தோனியார் ரொட்டி எல்லாருக்கும் உண்டு, கூட்டம் போடாம வாங்கிக்கங்க" என்பார். புதுநன்மை என்பது முதன்முதலாக நற்கருணை வாங்குவது. யாரும் மனவருத்தம் கொண்டு நான் பார்த்ததில்லை. ரொட்டியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறுவார்கள். வாங்கிய இடத்தில் தின்றுவிட்டுப் போகிற வழக்கம் கிடையாது. வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் பிட்டுக் கொடுத்தால்தான் அது வேண்டுதல் ரொட்டி. முருகேசனும் சிறுவயதில் அம்மாவோடு வந்து அந்த ரொட்டியை வாங்கிக்கொண்டு தேவாரத்துக்குப் போனவர்தான். கல்யாணப் பேச்சு வந்தபோது, "ஒங்க கோயில் ரொட்டி சாப்புட்டு வளந்த ஒடம்பு இது" என்று என் அப்பாவிடமே சொன்னார். அப்பா அதற்கெல்லாம் மசியவில்லை. ஆயரிடம் அனுமதி வாங்கித் தாலி கட்டுவதற்குள் இரண்டு வீட்டிலும் போதும் போதும் என்றாகிவிட்டது.

போன இலையுதிர் காலத்தில் நான் இரண்டாம் முறை உண்டானேன். முதலாவது தங்கவில்லை. இந்த முறை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: படுக்கையை விட்டு இறங்கக்கூடாது, குளியலறைக்குப் போகலாம், அவ்வளவுதான். அடுக்குமாடியில் ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஞாயிறு காலையில் கோவில் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வாரம் தவறாமல் நன்மை எடுத்து வளர்ந்தவள் நான். அது கிடைக்காமல் நாட்கள் போகப் போக, பயம் கூடியதா பக்தி கூடியதா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஞாயிறு நான் அழுததைப் பார்த்துவிட்டு முருகேசன் சட்டையை மாட்டினார். "நீ போகலேன்னா என்ன, ஒனக்காக நான் போயிட்டு வாறேன்" என்று கிளம்பிவிட்டார். அவர் தனியாகப் பூசைக்குப் போனது அதுதான் முதல் தடவை. என்னோடு வரும்போதெல்லாம் நற்கருணை நேரத்தில் இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பார்.

திரும்பி வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏய் ஜெசி, கையை நீட்டு. ஒனக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மெதுவாகப் பிரித்தார். உள்ளே வெள்ளை வட்டமாக நற்கருணை. ஓரத்தில் ஒரு துளி உடைந்திருந்தது.

"இது எப்படிங்க ஒங்க கையில?"

"எல்லாரும் வரிசையில போனாக, நானும் போனேன். அந்த பெயாட்டே அம்மாதான் கையில வச்சாக. என்னமோ சொன்னாக, நான் டாங்கேன்னேன். எல்லாரும் அங்கனயே வாயில போட்டுக்கிட்டாக. நீ இங்கன படுத்துக் கெடக்கையில நான் மட்டும் திங்கிறதா? மடிச்சு வச்சுக்கிட்டேன்."

ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் நன்றி சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்தது பயம்தான். கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் நம்பிக்கையில் அது அப்பம் அல்ல, ஆண்டவரே. ஊரில் நாங்கள் அதைக் கையால் தொட்டதில்லை. நாக்கை நீட்டுவோம், ஒரு துகளும் கீழே விழுந்துவிடாதபடி பீடச்சிறுவன் தாடைக்கு அடியில் தட்டைப் பிடிப்பான். அதனால் ஊரில் இப்படி ஒன்று நடக்கவே வழியில்லை. இங்கே கையில் கொடுக்கிறார்கள், அறிவிப்புச் செய்ய என் அப்பாவும் இல்லை. நாக்கில் ஒட்டினால் என்ன செய்வது, இருமல் வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறேன். கைக்குட்டையில் வந்தால் என்ன செய்வது என்பதற்குப் பாடம் இல்லை.

அவரிடம் எதுவும் சொல்லாமல், ஒரு புதுத்தட்டில் வைக்கச் சொன்னேன். எங்கள் வீட்டில் முருகனுக்கும் மாதாவுக்கும் ஒரே அலமாரி. அவர் தட்டை அங்கே வைத்து, விளக்கையும் ஏற்றிவிட்டுக் காப்பி போடப் போனார். சமையலறையில் பாட்டு வேறு. விஷயம் பங்குக்குத் தெரிந்தால், இனி வராதே என்று சொல்லிவிடுவார்களோ? சொல்லவே வேண்டாம், செய்தது தப்பு என்று நான் முகத்தைச் சுளித்தாலே போதும். அந்த மனுஷன் அப்புறம் கோவில் படி மிதிக்க மாட்டார். பிறக்கப் போகிற பிள்ளைக்கு அப்பன் சாமி ஒரு பக்கம், ஆத்தா சாமி ஒரு பக்கம் என்று ஆகிவிடும். அது நடக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு தூரம் இரண்டு பேரும் விட்டுக்கொடுத்து வந்திருக்கிறோம். ஆனால் தட்டில் இருப்பதை அப்படியே விடவும் முடியாது.

பெயாட்டேவுக்குப் போன் செய்தேன். பதற்றத்தில் என் ஜெர்மன் காலை வாரிவிட்டது. "என் கணவர் கோவிலிலிருந்து இயேசுவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்" என்றேன்.

"மரச்சிலையா, பளிங்கா?" என்று கேட்டார். "பயப்படாதே, திங்கட்கிழமை திரும்ப வைத்துவிட்டால் போதும்."

இரண்டாம் தடவை விளக்கியதும்தான் அவருக்குப் புரிந்தது. பிறகு, "அப்படியே இருக்கட்டும். வருகிறேன்" என்று வைத்துவிட்டார். அவர் வருவதைப் பற்றி முருகேசனிடம் என்ன சொல்வது என்று புரியாமல், என்னைப் பார்க்க வருகிறார் என்று மட்டும் சொன்னேன். அவர் கூடுதலாக ஒரு தம்ளர் காப்பி போட்டார்.

பெயாட்டே வந்தார். அலமாரியையும் தட்டையும் விளக்கையும் ஒரு சுற்றுப் பார்த்தார். முதலில் முழங்காலிட்டு எழுந்தார். அப்போதுதான் முருகேசன் முகம் மாறியது. "என்ன ஜெசி, ஏதும் தப்பாயிருச்சா?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெயாட்டே கேட்டார்: "அவர் ஏன் அங்கேயே சாப்பிடவில்லை? அதை மட்டும் கேட்டுச் சொல்."

கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "வீட்டுல ஒருத்தி முடியாமப் படுத்திருக்கா. சாமி குடுத்தத நான் மட்டும் எப்பிடித் திங்க முடியும்? அந்தோனியார் ரொட்டிய எங்கம்மா வீட்டுக்குத்தானே கொண்டாந்தாக."

ரொட்டிக் கதையையும் சேர்த்து மொழிபெயர்த்தேன். பெயாட்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு உபதேசியார் மகளான நான் வாயைப் பிளந்துவிட்டேன். ஆதித் திருச்சபையில் கிறிஸ்தவர்கள் ஞாயிறு பூசையில் வாங்கிய நற்கருணையை வீட்டுக்கு எடுத்துப் போவார்களாம். வார நாட்களில் வீட்டிலேயே வைத்து உட்கொள்வார்களாம். வர முடியாதவர்களுக்கும் சிறையில் கிடப்பவர்களுக்கும் துணியில் சுற்றியும் பெட்டியில் வைத்தும் கொண்டுபோவார்களாம். காலப்போக்கில்தான் அது நின்று, கை போய் நாக்கு வந்தது. கையில் வாங்குவது புது மோஸ்தர் என்று என் அப்பா கரித்துக்கொட்டுவார். கேட்டால் அதுதான் பழசாம்! அதுமட்டுமில்லை. நன்மை எடுக்க முடியாதவர்களுக்கென்று தனியாக மந்திரித்த ரொட்டி கொடுக்கிற வழக்கம் கிழக்குத் திருச்சபைகளில் இன்றும் இருக்கிறதாம். எங்கள் செவ்வாய்க்கிழமை ரொட்டிக்கு இவ்வளவு தூரத்தில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்று யார் கண்டது? அந்த நிமிஷம் எனக்குப் பயம் போய் ஆசை வந்துவிட்டது, இன்னும் கேட்க வேண்டும் என்று. படுத்திருக்கிற இந்த மாதங்களில் பெயாட்டேவிடம் புத்தகம் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்ததெல்லாம் அதற்கப்புறம்தான்.

"ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்" என்றார் பெயாட்டே. "ஞானஸ்நானம் வாங்காதவர் இதை வாங்கக்கூடாது. முகம் பார்க்காமல் கொடுத்தது நான். என் தவறையும் சேர்த்தே சொல்." பிறகு என்னைச் செபிக்கச் சொல்லி, அந்த அப்பத்தை எடுத்து, "கிறிஸ்துவின் உடல்" என்றார். என்னால் ஆமென் சொல்ல முடிந்தது, அவ்வளவுதான்.

கைக்குட்டை மிச்சம் இருந்தது. துகள் ஒட்டியிருக்கும் துணியைச் சலவை இயந்திரத்தில் போட முடியாது. நீரில் அலசி, அந்த நீரை மண்ணில் ஊற்ற வேண்டும், சாக்கடையில் விடக்கூடாது என்பது முறை. அடுக்குமாடியில் மண்ணுக்கு எங்கே போவது? பால்கனியில், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஜெரேனியப் பூத்தொட்டி ஒன்று கிடந்தது. கைக்குட்டையைக் கிண்ணத்தில் அலசி, முருகேசனையே ஊற்றச் சொன்னார் பெயாட்டே. அவர் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து ஊற்றினார். பிறகு பால்கனிக் கதவருகிலேயே நின்றுகொண்டு, "அப்ப எனக்கு எப்பவுமே தரமாட்டாகளா?" என்று கேட்டார்.

இதை மொழிபெயர்க்க எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும் சொன்னேன். "இப்போது முடியாது" என்றார் பெயாட்டே. "ஆனால் வரிசைக்கு வரலாம். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு வந்தால் ஆசீர்வாதம் கொடுப்போம். வராமல் மட்டும் இருந்துவிடாதே." முருகேசன் கையைக் கட்டிப் பார்த்தார். "இதென்ன, சாமி முன்னாடி நாங்க நிக்கிறதுதானே" என்றார். சமாதானம் ஆனார் என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயிறு நான் ஒன்றும் சொல்லாமலே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

உறைபனி தொடங்கியதும் இங்கே ஜெரேனியத்தைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். வசந்தத்தில் புதுச்செடி வாங்குவது வழக்கம். முருகேசன் தொட்டியைத் தூக்கிக்கொண்டுவந்து அலமாரிக்குக் கீழே வைத்துவிட்டார். குளித்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறார். செடி ஒன்றும் புனிதப் பொருள் அல்ல, மண்ணிடம் ஒப்படைத்தால் அதோடு முடிந்தது என்று புத்தகத்தில் படித்ததைச் சொல்லிப் பார்த்தேன். "சரி சரி" என்றார், ஊற்றுவதை நிறுத்தவில்லை.

இப்போது வெள்ளிதோறும் பெயாட்டே எனக்கு நற்கருணை கொண்டுவருகிறார். சென்ற வெள்ளி நான் வாங்கியதும், முருகேசன் கைகட்டி நின்றார். பெயாட்டே கட்டை விரலால் அவர் நெற்றியில் சிலுவை வரைந்தார். வரைந்து முடித்ததும் முருகேசன் குனிந்து, தொட்டி மண்ணை விரலால் தொட்டு, அதே இடத்தில் பூசிக்கொண்டார். கோட்டை மாட்டிக்கொண்டிருந்த பெயாட்டே பார்த்துவிட்டு, "உங்கள் மதத்தில் இப்படி உண்டா?" என்று என்னிடம் ஆவலாகக் கேட்டார். எந்த மதத்தைக் கேட்கிறீர்கள் என்றேன். அவர் சிரித்தபடியே படி இறங்கிப் போனார்.

முருகேசன் என் கட்டிலருகே வந்தார். விரலில் இன்னும் மண் இருந்தது. "பூசிவிடட்டுமா? வேணாம்னா வேணாம்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எனக்குத் திருநீறு நீட்டியதில்லை. நான் வாங்க மாட்டேன் என்று தெரியும். சாமியார் சாம்பல் பூசுகிற சாம்பல் புதன் தவிர வேறொரு நாளில் யாரும் என் நெற்றியில் சாம்பலோ மண்ணோ பூசியதில்லை. இது திருநீறும் இல்லை, சாம்பலும் இல்லை. யாரோ சூப்பர்மார்க்கெட்டில் பை பையாக வாங்கிப் போட்ட மண். அதற்குள்தான் என் ஆண்டவரின் துகளும் கிடக்கிறது. முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டினேன். ஈர மண் சில்லென்று பட்டது. கண்ணை மூடிக்கொண்டு, இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை.