இடது பக்கத் திரை

என் அக்கா பெற்றீசியாவின் கணவர் இக்னேசியஸ் மச்சான், மஸ்கெலியாவுக்கும் ஹட்டனுக்கும் இடையில் பதினேழு வருடங்கள் தனியார் பஸ் ஓட்டினார். அதற்கு முன்னர் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறி. ஆள் கட்டை. சீட்டில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுத்தான் உட்காருவார். கோபம் வந்தால் ஹோர்ன் அடிக்க மாட்டார். தலையை வெளியே நீட்டி, எதிரே வருகிறவரின் நலத்தை விசாரிப்பார். "என்ன அண்ணே, வீட்டுல எல்லாரும் சுகமா? அப்ப ஏன் இவ்ளோ அவசரம்?" என்று கேட்டுவிட்டு, அவர் பின்னுக்கு எடுக்கும்வரை நகராமல் நிற்பார்.

போன மாசி மாதம் நோர்வூட் தாண்டிய ஒரு ஏற்றத்தில் பஸ்ஸை ஓரங்கட்டினார். கைபிரேக்கை இழுத்தார். "இறங்கி அடுத்ததுல வாங்க" என்று பயணிகளிடம் சொன்னார். சொன்ன வார்த்தை குழறியிருந்தது. அப்படியே ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். பாரிசவாதம், ஆனால் லேசானது என்றார்கள். இரண்டு மாதத்தில் இடது கை சரியானது, கோணிய வாயும் நேரானது. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகக் காட்டப் போனபோது தனியாகவே போனார். திரும்பி வந்து, "எல்லாம் சரியாம்" என்றார். நாங்கள் நம்பினோம்.

பஸ் முதலாளி நடராசா நல்லவர் என்றே சொல்ல வேண்டும். தற்காலிகமாக ஒருவரைப் போட்டுவிட்டு, "மெடிக்கல் பாஸ் பண்ணிட்டு வாங்க இக்னேசியஸ், சீட்டு உங்களுதுதான்" என்று சொல்லியிருந்தார். லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டிய வருடமும் இதுதான். மெடிக்கலுக்கு மார்கழியில் ஒரு வியாழக்கிழமை நாள் கிடைத்தது. அது தவறினால் என்ன நடக்கும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்கா திரும்பவும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். பஸ் வேலை கிடைத்த வருடமே மச்சான் அவளைத் தோட்டத் தொழிலாளர் பதிவிலிருந்து நிறுத்தியிருந்தார். சம்பந்தமில்லாத ஆட்களிடம்கூடப் பெருமையாகச் சொல்லும் விஷயம் அது.

ஏழு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஐப்பசியில் நான் வந்தபோது, மச்சான் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்து போனில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நம் ஊர் பஸ் மாதிரியே பூப்போட்ட பஸ், மலைப்பாதை, வளைவு. யாரோ செய்து வைத்திருந்த கேம். விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, "இது கிளட்ச் இல்லாத கழுத" என்று அதைத் திட்டினார்.

என்னிடம் நல்ல கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஸ்டியரிங்கும் பெடலும் செகண்ட் ஹாண்டில் கிடைத்தன. இல்லாதது திரை மட்டும். மெடிக்கலுக்கு முன்னால் கையும் காலும் பழகட்டும் என்று அவரைக் கூட்டிக்கொண்டு ஹட்டனில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் லக்ஸ்மனின் கடைக்குப் போனேன்.

லக்ஸ்மன் இரண்டைக் காட்டினார். ஒன்று, முப்பத்திநாலு அங்குலத்தில் வளைந்த ஒற்றைத் திரை. மற்றது, நுவரெலியாவில் மூடிய ஒரு ஒபிசிலிருந்து வந்த மூன்று இருபத்திரண்டு அங்குலத் திரைகள். விலையில் பெரிய வித்தியாசமில்லை.

"பெருசுன்னா படம் சுத்தமா ஓடும்" என்றார் லக்ஸ்மன். "மூணுன்னா கம்ப்யூட்டர் கொஞ்சம் மூச்சு வாங்கும். ஆனா ரெண்டு பக்கத்து ஜன்னலும் தெரியும். டிரைவர் ஆளுக்கு அதுதானே வேணும்?"

"பெருசு போதும்" என்றார் மச்சான்.

எனக்குப் புரியவில்லை. கொண்டை ஊசி வளைவில் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் வானமும் பள்ளமும்தான் தெரியும், ரோடு பக்கத்துக் கண்ணாடியில்தான் இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

"மூணு வைச்சாத்தானே மச்சான் பஸ் மாதிரி இருக்கும்?"

"நடுவுல சட்டம் வருது. கண்ணு உறுத்தும்."

"பஸ்ல கண்ணாடிக்கு நடுவுல தூண் இல்லையா?"

"வீட்டுல எங்க வைக்கிறது? லயத்துக் காம்பரா சின்ன ரூமு, கவர்மெண்ட் கச்சேரி இல்ல."

"அலுமாரிய நகர்த்துவோம்."

"இந்தா நிரோஜினி, பஸ்ல இடது பக்கம் கண்டக்டரோட பக்கம். அவன் ரைட்னு சொன்னா நான் போவேன். எனக்கு எதுக்கு அந்தப் பக்கம்?"

லக்ஸ்மன் சிரித்தார், நானும் சிரித்தேன். "கேம்ல கண்டக்டர் இல்லையே மச்சான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பெரிய திரையின் முன்னால் போய் நின்று, அதை மேசையின் வலது ஓரத்துக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். ஒருவர் எதற்காக அப்படிச் செய்வார் என்று நான் யோசித்திருக்கலாம். எனக்கு நல்லது செய்யும் அவசரம். மூன்றையும் கட்டச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் இணைத்துப் பூட்டினோம். அலுமாரி குசினிப் பக்கம் போனது. நடுத்திரை நேராக, மற்ற இரண்டும் கதவைப் பாதி திறந்த மாதிரி சாய்வாக. பஸ்ஸை ஸ்டார்ட் செய்ததும் காம்பராவே ஓட்டும் இடமாக மாறிவிட்டது. வலது திரையில் மண்மேடு, இடது திரையில் மிதிபலகையும் கதவும்.

"டிக்கெட் இல்லாம யாரும் ஏறாதீங்க" என்றபடி அக்கா தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றாள்.

"முதலாளியம்மாவுக்கு ஃப்ரீ" என்றார் மச்சான்.

முதல் தரிப்பிடத்திலேயே நிழற்குடையில் மோதினார். பிரேக் சரியில்லை என்றார். நான் பெடலைச் சரிசெய்தேன். இரண்டாவது சந்தியில், இடது கிளைப்பாதையிலிருந்து ஒரு ஓட்டோ மெதுவாக வந்தது. நானும் அக்காவும் அது வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மச்சான் வேகத்தைக் குறைக்கவேயில்லை. நேராகப் போய் அதை நசுக்கினார்.

"அந்த ஓட்டோ தெரியலையா?" என்றாள் அக்கா.

"திடீர்னு குறுக்க விட்டான்."

திடீரென்று எதுவும் நடக்கவில்லை. அக்கா தேத்தண்ணிக் கோப்பையை ஜன்னலில் வைத்தாள். சுவரோரமாகப் போய், இடது திரைக்குக் கீழே இருந்த பொத்தானை அழுத்தினாள். அந்தத் திரை கறுத்துப்போனது.

மச்சான் ஓட்டிக்கொண்டே இருந்தார். "இப்ப பாரு, ஏத்தத்துல செகண்ட் போட்டா எப்படி ஏறுதுன்னு." ஒரு வளைவு, இன்னொரு வளைவு. முகத்தில் பத்து மாதமாக இல்லாத சந்தோஷம். தலையை இடது பக்கம் திருப்பவேயில்லை.

"என்னங்க" என்றாள் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இடது பக்கம் யாராச்சும் ஏற நிக்கிறாங்களா?"

"ஒருத்தரும் இல்ல. கிளியர்" என்றார் மச்சான்.

நான் கம்ப்யூட்டரை நிறுத்தினேன். அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு கழுத்தை முழுவதுமாகத் திருப்பி, கறுத்த திரையைப் பார்த்தார்.

"எப்ப இருந்து?" என்றாள் அக்கா.

"ஆரம்பத்துல இருந்து." ஸ்டியரிங்கிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. "ரெண்டு கண்ணுலயும் இடது பாதிப் பார்வை வராதாம். கண்டியில டாக்டர் சொன்னாரு. எழுத்தெல்லாம் வாசிக்கிறேன் தானே. கழுத்தத் திருப்பிப் பழகினா சரியாயிடும்."

"பஸ் ஓட்டலாம்னு அவர் சொன்னாரா?"

"ஓட்டவே கூடாதுன்னாரு."

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்ன செய்வ? கூடைய எடுப்ப. உன்ன மலைக்கு அனுப்பக் கூடாதுன்னுதான்."

"நாப்பது பேர பள்ளத்துக்கு அனுப்பலாமா? அதுல பள்ளிக்கூடப் புள்ளைங்களும் வருதே, அதுங்கள?"

மச்சான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். என் பக்கம் திரும்பினார். "நான் பெருசு போதும்னேன். ஒன்னுன்னா வலது பக்கமாத் தள்ளி வைச்சு ஓட்டியிருப்பேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை மெடிக்கலில் எப்படியும் தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இருந்தாலும் அந்த நான்கு நாளாவது அவர் பஸ் டிரைவராக இருந்திருப்பார்.

அக்கா அங்கே நின்றபடியே நடராசாவுக்குப் போன் எடுத்தாள். மெடிக்கலுக்குப் போகவில்லை, கண் சரியில்லை என்று இரண்டு வசனத்தில் முடித்தாள். நடராசாவின் குரல் எங்களுக்கும் கேட்டது. "நல்லவேள சொன்னீங்க தங்கச்சி. இப்ப ஓட்டுறவரையே நிரந்தரமாக்கிடுறேன்" என்றார். ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. அவ்வளவு சுலபமாக முடிந்ததுதான் மச்சானைச் சாய்த்தது என்று நினைக்கிறேன். போனைக் கையில் வாங்கி, அது துண்டிக்கப்பட்ட பிறகும் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அக்கா தோட்ட ஒபிசுக்குப் போய்ப் பேர் கொடுத்தாள். பதிவில் எடுக்க மாட்டோம், தற்காலிகமாக வரலாம் என்றார்கள். நாற்பத்தைந்து வயதில் திரும்பவும் முதலிலிருந்து. செவ்வாய் காலையில் பெரட்டுக் களத்துக்கு, பேர் கூப்பிடும் இடத்துக்கு, மற்றப் பெண்களோடு நடந்து போனாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு பக்கத்து வீட்டு மீனம்மாவுடையது. "பஸ்காரர் சம்சாரம் வழி தவறி வந்துட்டாங்களா?" என்று யாரோ கேட்டது மேலே எங்களுக்கும் கேட்டது. அக்கா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

மச்சான் ஜன்னலருகே நின்றிருந்தார். பெண்கள் இடது பக்க மலையில்தான் ஏறினார்கள். அவளைப் பார்க்க அவர் உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினார். வரிசை மறையும்வரை பார்த்தார்.

"மெடிக்கலுக்கு வேற நாள் எடுத்து, டாக்டர்கிட்ட பயிற்சி ஏதாவது இருக்கான்னு கேட்டுப் பார்ப்போமே மச்சான்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"நீ எப்ப திரும்பிப் போற?" என்று கேட்டார்.

"இன்னும் யோசிக்கல."

"சீக்கிரம் போயிடு" என்றார், கோபமில்லாமல். "இங்க இருந்தா இன்னும் ஏதாச்சும் நல்லது செஞ்சிருவ."