கரைவலைக் கயிற்றில் வந்த வீடு

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை. ஆனால் சிலாவத்துறையில் நல்ல சீமெந்து யாரிடம் என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் என் கடையைத்தான் காட்டும். புத்தளத்தில் அகதிக் கொட்டிலில் கிடந்து, சந்தையில் மூட்டை தூக்கித் தொடங்கியவன் நான். இன்றைக்குக் கடை, வீடு, லொறி எல்லாம் இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். மன்னார்த் தீவில் வீடில்லாத ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டத் தொண்டர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், யாரும் அழைக்காமலே நானும் போய்ச் சேர்ந்தேன். கட்டட வேலை நடக்கிற இடத்தில் என்னைப்போல ஓர் ஆள் இல்லாவிட்டால் எப்படி?

வந்தவர்கள் கொழும்பிலும் மலையகத்திலும் படிக்கிற பிள்ளைகள். ஹட்டன் பக்கத்துப் பெண் ஒருத்திதான் அவர்களுக்குத் தலைவி. வீடு ஒரு மீனவப் பெண்ணுக்கு. புருஷன் கடலோடு போய்விட்டான். அவளும் இரண்டு மகள்மாரும் தங்கை வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்து எழும்பினார்கள். முதல் நாள் உடைமுள்ளை வெட்டிக் கயிறு கட்டி அத்திவாரம் கிண்டினோம். எங்களுக்கு முன்னால் மண்வெட்டி போட்டவள் அவள்தான். சாப்பிடக் கூப்பிட்டபோதும் குழியை விட்டு ஏறவில்லை.

இரண்டாம் நாள் கல் வரவேண்டும். ஏற்றி வர இருந்த உழவு இயந்திரம் அச்சு முறிந்து கிடந்தது. "என்ர லொறி இருக்கேக்க நீங்கள் ஏன் யோசிக்கிறியள்?" என்று சொல்லிக் கல்லை ஏற்றிக்கொண்டு நானே ஓட்டி வந்தேன். தார் ரோட்டு முடிந்தது. மாவு மாதிரி மணல். பாதி வழியில் பின்சில்லு இரண்டும் அச்சுவரை புதைந்தன. வேறு யாருடைய லொறியாக இருந்தாலும் தொடக்கத்திலேயே புதைந்திருக்கும். என்னுடையது பாதித் தூரமாவது வந்தது.

தலைவிப் பிள்ளை தங்களை அனுப்பிய அலுவலகத்தோடு போனில் நெடுநேரம் பேசினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"ஹாஜியார், பொழுது சாயுறதுக்குள்ள கல்லு காணிக்கு வந்துரணுமாம். இல்லேன்னா நாளைக்கு எங்களையும் மேசன்மாரையும் வேற ஊருக்கு, அடுத்த வீட்டுக்கு மாத்திருவாங்களாம்."

கையால் சுமப்பதென்றால் அடுத்த நாளும் முடியாது. வீட்டுக்காரி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"பரவாயில்லை பிள்ளை. அதுகளும் வீடில்லாததுகள்தானே. அங்க கட்டுங்கோ."

அழவில்லை. மண்வெட்டியைக் கழுவித் துடைத்து வேலியில் சாத்தினாள். வேலை முடிந்தவர்கள் செய்வது அது. எனக்கு நெஞ்சில் தீப்பிடித்தது. நான் இருக்கிற இடத்தில் ஒரு வீடு நிற்காமல் போவதா?

நேரே கரைக்குப் போனேன். அங்கே, கடலில் போட்ட வலையைக் கரையில் நின்றே இழுக்கிற கரைவலைக்காரர் கயிறு பிடித்து நின்றார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி என்னைக் கண்டதும் சிரித்தார்.

"என்ன ஹாஜியார், லொறியைத் தரையிலேயே நங்கூரம் போட்டிட்டீங்களாம்!"

"சிரியுங்கோ. சிரிச்சு முடிய உங்கட ஆக்களைத் தாங்கோ."

"எப்படித் தாறது? வலை கடலுக்க கிடக்கு. இண்டைக்கு எனக்கே ஆள் காணாது. உங்கட படிச்ச பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வலை கரையேறட்டும். பிறகு கயிறோட நாங்கள் வாறம்."

"அதுகள் பேனை பிடிச்ச கையள்."

"அப்ப நீங்கள் முன்னுக்கு நில்லுங்கோவன்."

"நான் இழுத்தா உங்கட வலை கிழியும்!"

சாரத்தை மடித்துக் கட்டினேன். எழுபதைத் தாண்டிய உடம்புதான், ஆனாலும் கயிற்றில் முதல் கை என்னுடையது. பிள்ளைகள் எனக்குப் பின்னால் நின்றார்கள். வீடு கட்ட வந்தவர்கள் மீன் இழுத்தோம். ஒருவர் வலை இழுக்கும் அம்பாப் பாட்டுப் பாட, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று இழுத்தார்கள். பிள்ளைகள் முதலில் தப்புத் தப்பாக இழுத்துக் குப்புற விழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாட்டு காலில் இறங்கிவிட்டது. தலைவிப் பிள்ளையின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. வலை கரை சேர்ந்தபோது மடி நிறையச் சூடை மீன் துள்ளியது.

சம்மாட்டி சொன்ன சொல் மாறவில்லை. கரையில் நின்ற அத்தனை பேரும் கயிற்றோடு வந்தார்கள். நான் சில்லுகளில் பாதிக் காற்றை இறக்கினேன், பனை மட்டைகளைக் கொண்டுவந்து முன்னால் பரப்பச் சொன்னேன். வலை இழுத்த அதே கயிற்றை லொறியின் முன்னால் கட்டினார்கள். நான் ஏறி இருந்து ஸ்டார்ட் பண்ணினேன்.

"தூங்கிப் போகாதேங்கோ ஹாஜியார்!" என்றார் சம்மாட்டி.

"இழுங்கோ, பாப்பம்!"

பாட்டு எழும்பியது. லொறி ஒருமுறை உறுமியது, இரண்டுமுறை வழுக்கியது, மூன்றாம் முறை யானைக்குட்டி மாதிரி மேலே ஏறியது. கரையிலிருந்து வந்த கூட்டமே கூச்சல் போட்டது. அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்ல நேரமிருக்கவே காணி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். முப்பது வருடம் லொறி ஓட்டியிருக்கிறேன், அப்படி ஓர் ஓட்டம் ஓடியதில்லை. தலைவிப் பிள்ளை போனைத் தூக்கி, "வந்துருச்சு! நாங்க எங்கயும் போகல!" என்று கத்தினாள்.

முதல் கல்லை நானே தூக்கி இறக்கினேன். வீட்டுக்காரி ஓடி வந்தாள். காலையில் வீட்டையே விட்டுக்கொடுத்தவள், இப்போது இடுப்பில் கை வைத்து நின்று, அண்ணனைக் கூப்பிடுவதுபோல் என்னைக் கூப்பிட்டாள்.

"நானா, அதில வேண்டாம். அங்கால இறக்குங்கோ. நீங்கள் கல்லுப் போடுற இடம் என்ர அடுப்பு வைக்கிற குசினி!"

இருபது வருடமாக என்னை ஒருவரும் ஏவினதில்லை. கல்லைத் தூக்கிக்கொண்டு அவள் காட்டிய பக்கம் போனேன்.