சேதுபதியின் வீக்கம்

குடித்துவிட்டு அடிவாங்கிய மூஞ்சி என்று ஜாலான் புசார் தெரு இரும்புக்கடை ஆட்கள் சேதுபதியைச் சொன்னது அவன் கூட்டாளி வடிவேலுவுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சேதுபதி கள்ளுக்கடைப் பக்கமே போகாதவன். மாதத்துக்கொரு தடவை உதடோ கண்ணோ கையோ பூசணிபோல வீங்கும். அரிக்காது, சிவக்காது. சில நாளில் தானாக வடிந்துவிடும்.

“என்ன சேது, நேத்து யாரு கைவரிசை?” என்பான் கூட மூட்டை தூக்கும் அப்துல் காதர்.

“உன் மாமனார்தான்லா” என்பான் சேதுபதி, வீங்கிய வாயாலேயே.

கரப்பான் பண்டம் ஆகாது என்று ஒரு நாட்டு வைத்தியர் சொல்லப்போக, கத்தரிக்காய், கருவாடு, இறால் எல்லாவற்றையும் விட்டான். அடுத்து ஊரார் வீட்டுச் சோற்றையே விட்டான். கல்யாணம், பெருநாள் எதற்கும் போவதில்லை. மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து ரசஞ்சோறு தின்பான். கூப்பிட்டுப் பார்த்தவர்கள் அலுத்துப்போனார்கள். பாசிர் ரிஸில் இருந்த தங்கை கண்மணி, அண்ணனுக்குத் தலைக்கனம் என்றே முடிவுகட்டிவிட்டாள். அவனுக்கோ ஒரே பயம்தான். அப்பன் தொண்டை வீங்கி, மூச்சடைத்துச் செத்தவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினான். மறுநாள் தாடை வீங்கி, வீக்கம் தொண்டைக்கு இறங்கியது. வடிவேலுதான் லாரியில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கழுத்தில் துளைபோட்டுக் குழாய் செருகினார்கள்.

ரத்தத்தை லண்டனுக்கு அனுப்பிச் சோதித்த டாக்டர் பாலகிருஷ்ணன் கட்டிலருகே வந்து சொன்னார்.

“ரத்தத்துல கிருமியை அடிக்கிற புரதங்க இருக்கு. ஒண்ணு இன்னொண்ணைக் கிளப்பிவிடும், அந்த இடம் வீங்கும். அதுங்களை அடக்கி வைக்கவும் ஒரு புரதம் உண்டு. இவருக்கு அது பத்தல. கிருமியே இல்லாம கிளம்பிடுது. பரம்பரையா வர்றது.”

“அப்ப கருவாடு, டாக்டர்?” வடிவேலுதான் கேட்டான்.

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

சேதுபதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தனியாகத் தின்ற அத்தனை வருஷத்துக்கும் என்ன சொல்லி ஆற்றுவது? வடிவேலு போர்வையை இழுத்துவிட்டான்.

அந்த வாரமே சேதுபதிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. குழாயை விரலால் அடைத்தால்தான் அவனுக்குப் பேச்சு வரும். ஒரு சாயங்காலம் அடைத்துக்கொண்டு கூப்பிட்டான்.

“வடிவேலு, கண்மணி மவளுக்குக் கை வீங்குதாம். யாரோ சொன்னாங்க. நீ பாசிர் ரிஸ் போ. பல்லு கில்லு பிடுங்குறதுக்கு முன்னால, புள்ளைய இந்த டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு. ஆள் அனுப்பாத. நான் அனுப்புன ஆளுன்னா அவ கதவைத் தொறக்கமாட்டா, போனவன் திரும்பி வந்துடுவான். நீ நேர்ல போய் வாசல்லயே நில்லு, அவ காது குடுத்துக் கேக்குற வரைக்கும்.”